பெட்ரோல் முள்ளும் சென்னை இறக்கமும்

கேள்வி இது: "ஐயா, பெல்லந்தூரில் இருக்கிறேன். ஐந்து வயதான 1.2 லிட்டர் பெட்ரோல் கார். நாகவாரா பக்கம் அலுவலகம் போய்வர லிட்டருக்கு 11 கிலோமீட்டர்தான் கிடைக்கிறது. வாங்கும்போது 20க்கு மேல் என்றார்கள். போன மாதம் இங்கே விலை கூடிய பெட்ரோல் நிரப்பிக்கொண்டு சென்னை போனேன், 19 கிடைத்தது. திரும்பும்போது அங்கே சாதாரண பெட்ரோல் நிரப்பினேன், 17தான். அப்படியானால் விலை கூடியதே நல்லதா? எத்தனால் கலப்பதால்தான் மைலேஜ் குறைகிறதா? இன்னொன்று, ஃபுல் டேங்கிலிருந்து முள் பாதிக்கு வர 210 கிலோமீட்டர் ஆகிறது. பாதியிலிருந்து 120 கிலோமீட்டரிலேயே ரிசர்வ் விளக்கு எரிந்துவிடுகிறது. டேங்க் ஒழுகுகிறதோ?"

டேங்க் ஒழுகவில்லை, தம்பி. ஒழுகினால் முள் காட்டுவதற்கு முன் மூக்கு காட்டிக்கொடுத்துவிடும். பார்க்கிங்கில் பக்கத்து வீட்டுக்காரரே வந்து கதவைத் தட்டியிருப்பார். மற்றவற்றைத் தனித்தனியாகக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் எல்லாவற்றிலும் தவறு ஒன்றுதான். காரின் கணக்கை முள்ளிடம் கேட்கிறீர்கள், சாலையைக் கணக்கில் சேர்க்காமல் விடுகிறீர்கள், பழியைப் பெட்ரோல் மீது போடுகிறீர்கள். இந்த ஊரில் கார் சர்வீஸில் 28 ஆண்டுகள் இருந்தேன். மைலேஜ் இல்லை என்று வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியவர்களில் உண்மையிலேயே வண்டியில் கோளாறு இருந்தது சிலருக்குத்தான்.

சென்னைப் பயணத்திலிருந்து தொடங்குவோம். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னை கடலோரம். ஓசூர், சூளகிரி தாண்டிக் கிருஷ்ணகிரி வருவதற்குள்ளேயே கணிசமாக இறங்கிவிடுகிறோம். மிச்சம் வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று கண்ணுக்குத் தெரியாமல் இறங்கிக்கொண்டே போகிறது. நால்வழிச் சாலையில் உட்கார்ந்திருப்பவருக்கு இது இறக்கம் என்றே தோன்றாது. என்ஜினுக்குத் தோன்றும்.

ஆட்கள், பெட்டிகள் எல்லாம் சேர்த்து உங்கள் கார் 1,200 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 900 மீட்டர் மேலே தூக்க ஒரு கோடி ஜூலுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய மூன்றே கால் கோடி ஜூல் இருக்கிறது. என்ஜின் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கிறது, மிச்சமெல்லாம் ரேடியேட்டரிலும் புகைக்குழாயிலும் வெப்பமாகப் போய்விடுகிறது. ஆக, பெங்களூரு மேட்டின் விலை ஏறக்குறைய ஒரு லிட்டர் பெட்ரோல். இறங்கும்போது அந்த லிட்டர் இனாம். ஏறும்போது அதைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

இதை உங்கள் எண்களில் பொருத்திப் பாருங்கள். வீட்டுக்கு வீடு 350 கிலோமீட்டர், சமதளத்தில் லிட்டருக்கு 18 கொடுக்கும் கார் என்றால் 19.4 லிட்டர் ஆகும். போகும்போது ஒரு லிட்டர் குறைந்து 18.4. வரும்போது ஒரு லிட்டர் கூடி 20.4. வகுத்துப் பாருங்கள்: போகும்போது 19, வரும்போது 17 சொச்சம். நீங்கள் எழுதிய அதே எண்கள். இரண்டு பக்கமும் ஒரே பங்கின் ஒரே பெட்ரோலை ஊற்றியிருந்தாலும் இதுதான் வந்திருக்கும். சென்னையிலிருந்து திரும்பும்போது மாமியார் கொடுத்தனுப்பிய அரிசி மூட்டையும் தேங்காயும் டிக்கியில் இருந்தனவா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்திருந்தால் அதற்கும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"சென்னைப் பெட்ரோல் சரியில்லை" என்று பெங்களூருத் தமிழர்கள் சொல்வதை நான் எத்தனையோ ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். அல்சூரில் என் தெருவிலேயே ஒருவர் ஆண்டுக்கு நான்கு முறை இதைச் சொல்வார். பொங்கலுக்குப் போய்த் திரும்பியதும் ஒரு முறை உறுதியாகச் சொல்வார்.

இப்போது விலை கூடிய பெட்ரோல். எக்ஸ்பி95, பவர்95, ஸ்பீட் என்று நிறுவனத்துக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த 95, 100 எல்லாம் ஆக்டேன் எண். ஆக்டேன் என்பது சக்தியின் அளவு என்று பலர் நினைக்கிறார்கள், இல்லை. பெட்ரோலும் காற்றும் சிலிண்டருக்குள் அழுத்தப்படும்போது, ஸ்பார்க் பிளக் பொறி வைப்பதற்கு முன்னும் பின்னும் தானாக வெடித்துவிடாமல் எவ்வளவு பொறுத்துக்கொள்ளும் என்பதன் அளவு அது. தானாக வெடித்தால் வரும் 'டக டக' சத்தத்தைத்தான் நாக்கிங் என்கிறோம். அதிக அழுத்தம் கொண்ட என்ஜினுக்கும் டர்போ வைத்த என்ஜினுக்கும் பொறுமைசாலிப் பெட்ரோல் தேவை. உங்களுடையது டர்போ இல்லாத சாதாரண 1.2 லிட்டர். பெட்ரோல் மூடிக்குள்ளே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும் கையேட்டிலும் குறைந்தபட்ச ஆக்டேன் எழுதியிருக்கும். அதற்கு மேல் ஊற்றுவது அரைப்படி அரிசி வேகும் குக்கருக்கு அண்டா அடுப்பு வாங்குவது போன்றது.

ஒரு கணக்குப் போட்டுவிடலாம். சாதாரண பெட்ரோல் லிட்டர் 103 ரூபாய், விலை கூடியது 7 ரூபாய் அதிகம் என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் கொடுக்கிறீர்கள். 14 கொடுத்துக்கொண்டிருந்த கார் 15 கொடுத்தால்தான் போட்ட பணம் கைக்கு வரும். டர்போ இல்லாத சிறிய என்ஜினில் ஆக்டேன் மட்டும் மாறியதால் 7 சதவீதம் கூடி நான் பார்த்ததில்லை. அதில் சேர்க்கப்படும் சுத்திகரிப்பு ரசாயனம் இன்ஜெக்டரில் படியும் கரியைக் குறைக்கும் என்பது உண்மைதான். அதற்காக எப்போதாவது ஒரு டேங்க் போட்டால் குற்றமில்லை, மாதந்தோறும் தேவையில்லை.

இதில் பெங்களூருக்காரர்களுக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடலோரத்தைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு. சிலிண்டருக்குள் புகும் காற்று குறைவதால் டர்போ இல்லாத என்ஜினில் அழுத்தமும் குறைகிறது, நாக்கிங்கும் குறைகிறது. கீழே இறங்கி வேலூர் வெயிலில் நான்கு பேரோடு மேம்பாலம் ஏறும்போது லேசாகச் சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம், ஒரு கியர் குறையுங்கள்.

எத்தனால் பற்றிய உங்கள் சந்தேகம் நியாயமானது, பாதி சரியும்கூட. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைப் பிரதமர் 2023 பிப்ரவரியில் நம் பெங்களூருவில் நடந்த எரிசக்தி மாநாட்டில்தான் அறிமுகப்படுத்தினார். அதற்கு முந்தைய ஆண்டே நாடு 10 சதவீதக் கலப்பை எட்டியிருந்தது; 2025இல் 20 சதவீதமே வழக்கமாகிவிட்டது. எத்தனாலில் ஒரு லிட்டருக்குப் பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கிறது. எனவே எத்தனாலே இல்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டால் 20 சதவீதக் கலப்பில் ஆற்றல் 6, 7 சதவீதம் குறைவு. 10 சதவீதக் கலப்போடு ஒப்பிட்டால் மூன்றரை சதவீதம்தான். நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட திட்ட அறிக்கையும், எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து 10 சதவீதக் கலப்புக்குச் சீரமைத்த நான்கு சக்கர வாகனங்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்றே கணித்திருந்தது.

ஆகவே 12 கொடுத்த கார் 11.5 கொடுத்தால் எத்தனாலைக் குறை சொல்லுங்கள், நானும் சேர்ந்து சொல்கிறேன். ஆற்றல் குறைந்த சரக்குக்கு விலை குறையவில்லையே என்று கேட்பவர்கள் பக்கம்தான் நானும். 20 சொன்ன கார் 11 கொடுக்கிறது என்றால் அந்த ஒன்பதுக்கும் எத்தனால் பொறுப்பேற்காது. விலை கூடிய பெட்ரோல் எல்லாமே எத்தனால் இல்லாதது என்றும் எண்ணிவிடாதீர்கள். பங்கில் கேட்டுவிட்டு நிரப்புங்கள். உங்கள் கார் 2023 ஏப்ரலுக்கு முன் வந்தது. ரப்பர் குழாய்களும் வாஷர்களும் 20 சதவீதத்தைத் தாங்குமா என்று கையேட்டைப் பாருங்கள். சர்வீஸுக்கு விடும்போது பெட்ரோல் குழாய்களைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் குணம் உள்ளது என்பதால் வண்டியை மாதக்கணக்கில் ஓட்டாமல் போட்டு வைக்காதீர்கள். இதற்கு மேல் அதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை.

அப்படியானால் அந்த 20 எங்கே போனது? அது எப்போதுமே உங்கள் சாலையில் இல்லை. விளம்பரத்தில் வரும் எண் ஆய்வகத்தில் எடுத்தது. காரை உருளைகள் மீது ஏற்றி, ஏசியை அணைத்து, வகுத்துவைத்த ஒரு வேக அட்டவணைப்படி ஓட்டுவார்கள். அதில் உச்ச வேகமே 90 கிலோமீட்டர். எதிர்க்காற்று கிடையாது, நான்கு பேர் கிடையாது, வேகத்தடை கிடையாது. குறுக்கே பாயும் ஆட்டோவும் கிடையாது. இரண்டு கார்களை ஒப்பிட அந்த எண் உதவும். மாதச் செலவைக் கணக்கிட உதவாது.

உங்கள் சாலை பெல்லந்தூரிலிருந்து மாரத்தஹள்ளி, கே.ஆர். புரம் வழியாக வெளிவட்டச் சாலை. 20 கிலோமீட்டருக்குக் காலையில் ஒன்றேகால் மணி நேரம் என்று வைப்போம்; குறைத்துத்தான் சொல்கிறேன். நகரங்களின் நெரிசலைக் கணக்கெடுக்கும் டாம்டாம் நிறுவனம் 2022இல் பெங்களூரு மையப் பகுதியில் 10 கிலோமீட்டர் கடக்க 29 நிமிடம் ஆகிறது என்று கணித்து, உலகிலேயே மெதுவான நகரங்களில் இரண்டாவதாக வைத்தது. அந்த ஒன்றேகால் மணி நேரத்தில் அரை மணி நேரமாவது நீங்கள் அசையாமல் நிற்கிறீர்கள். ஏசியோடு நிற்கும் 1.2 லிட்டர் என்ஜின் மணிக்கு 0.9 லிட்டர் அளவுக்குக் குடிக்கும். அரை மணிக்கு 0.45 லிட்டர். நகரும்போது லிட்டருக்கு 15 என்ற தாராளமான கணக்கில் 20 கிலோமீட்டருக்கு 1.33 லிட்டர். இரண்டையும் கூட்டினால் 1.78 லிட்டர். 20 கிலோமீட்டரை அதால் வகுத்தால் 11.2.

நிற்பதில் மட்டும் கால்வாசிப் பெட்ரோல் போகிறது. உங்கள் கார் ஆரோக்கியமாகவே இருக்கிறது. உறுதி செய்துகொள்ள விரும்பினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஓசூர் சாலையில் எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறுங்கள். சில்க் போர்டு பக்கத்திலிருந்து பத்துக் கிலோமீட்டர் சிக்னல் இல்லாத சாலை. அறுபது, எழுபதில் கால் அசையாமல் போனால் திரையில் வரும் எண்ணைப் பார்த்து இது நம் கார்தானா என்று கேட்பீர்கள்.

இதில் உங்கள் கையில் இருப்பது கொஞ்சம்தான். சிக்னலில் ஓடும் நொடிக் கணக்கு அரை நிமிடத்துக்கு மேல் காட்டினால் என்ஜினை அணைத்துவிடலாம். டயர் காற்றை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, டயர் சூடாகும் முன், கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்குப் பார்க்க வேண்டும். முன்னே நிற்கும் பஸ்ஸை நோக்கி வேகமெடுத்துப் பிறகு பிரேக் அடிப்பதைவிட, தூரத்திலேயே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவது நல்லது. கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் இன்றைய என்ஜின்கள் இன்ஜெக்டரையே மூடிவிடும்; அந்த நொடிகளில் ஒரு சொட்டுப் பெட்ரோல்கூடப் போகாது. சூளகிரி இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறார்களே, அவர்கள் நிற்கும் வண்டிக்கு ஆகும் பெட்ரோலைச் செலவழித்துக்கொண்டு, என்ஜின் பிடிப்பையும் இழந்து, பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிறார்கள்.

இனி முள். எனக்குப் பிடித்த விஷயம் இது. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லாரிக்காரர்கள் அந்தக் காலத்தில் டேங்கில் குச்சி விட்டு, நனைந்த உயரத்தை விரலால் அளந்து டீசல் கணக்குச் சொல்வார்கள். காருக்குள் இருக்கும் முள்ளும் அந்தக் குச்சியின் பேரப்பிள்ளைதான். டேங்கினுள் ஒரு மிதவை. அதற்கு ஒரு கம்பிக் கை. கையின் மறுமுனையில் ஒரு சிறிய தொடுப்பு, மின்தடைக் கோடுகள் அச்சிட்ட வில்லை ஒன்றின் மீது உரசிக்கொண்டு நகரும். மிதவை தாழத் தாழ மின்தடை மாறும். டாஷ்போர்டு அதை முள்ளாகவோ கட்டங்களாகவோ காட்டும். இவ்வளவுதான். அது அளப்பது மிதவையின் உயரத்தை. உங்களுக்கு வேண்டியதோ லிட்டர். இவை இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டுமானால் டேங்க் செங்கல் போல நேராக இருக்க வேண்டும். இருக்காது. பின் சீட்டுக்கு அடியில், புகைக்குழாய்க்கும் சேசிஸுக்கும் இடம் விட்டு, கிடைத்த சந்தில் நெளித்து வைத்திருப்பார்கள். மேலே அகலம், கீழே குறுகல்.

அதோடு ஃபுல் டேங்க் நிரப்பும்போது மிதவை மேலே முட்டிய பிறகும் பெட்ரோல் ஏறுகிறது. அந்த மேல் லிட்டர்கள் தீரும்வரை முள் அசையாது. 60, 70 கிலோமீட்டர் ஓடிய பிறகும் எஃப்பிலேயே நிற்கிறதே என்று மகிழ்ந்திருப்பீர்கள். அந்த மகிழ்ச்சிக்குப் பாதிக்குக் கீழே வட்டியோடு கட்ட வேண்டியிருக்கும். முதல் பாதிக்கு 210, இரண்டாம் பாதிக்கு 120 என்று நீங்கள் எழுதியதில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது: இரண்டாவது எண் ரிசர்வ் விளக்கு வரைக்குமானது. விளக்கு எரியும்போது சிறிய கார்களில் பொதுவாக ஐந்தாறு லிட்டர் மிச்சம் இருக்கும். உங்கள் ஓட்டத்தில் அது ஐம்பது, அறுபது கிலோமீட்டர். அதைச் சேர்த்தால் 210க்கு 180. பயமுறுத்திய வித்தியாசம் கிட்டத்தட்ட மறைந்துவிட்டது.

கார் திரும்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் பெட்ரோல் அலையடிக்கும். முள் கூடவே ஆடினால் ஓட்டுபவருக்குத் தலை சுற்றும் என்று, புதிய கார்களில் நிமிடக்கணக்கில் சராசரி எடுத்து மெதுவாக நகர்த்துகிறார்கள். அதனால்தான் 300 ரூபாய்க்கு மூன்று லிட்டர் போட்டால் சில கார்களில் முள் அசைவதே இல்லை; போட்டது பெட்ரோலா அலையா என்று அதற்குத் தெரியவில்லை. உடனே பங்க் பையன் ஏமாற்றிவிட்டான் என்று சண்டைக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதேபோல் அடுக்குமாடியின் சரிவுப் பாதையில் மூக்கு மேலே பார்க்க நிறுத்திவிட்டுக் காலையில் கிளப்பினால் ஒரு கட்டம் கூடவோ குறையவோ காட்டும். சமதளத்தில் ஐந்து நிமிடம் ஓடட்டும், பிறகு பாருங்கள்.

இவையெல்லாம் முள்ளின் சுபாவம், நோயல்ல. நோய் எப்படி இருக்கும் என்பதை நானே நடு ரோட்டில் நின்று கற்றேன். ஒரு கார்த்திகை மாதம் திருவண்ணாமலையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். என் மனைவியும் அவள் அக்காவும் பின்னால். அத்திப்பள்ளிக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது இரவு பத்து மணிக்கு வண்டி இரண்டு முறை விக்கிவிட்டு நின்றது. முள் கால் டேங்க் காட்டுகிறது. சர்வீஸ்காரன் என்ற கர்வத்தில் நான் பெட்ரோலைத் தவிர எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன்: ஃபியூஸ், ரிலே, பம்ப். பானெட்டுக்குள் தலையை விட்டு இருபது நிமிடம். பின் சீட்டிலிருந்து மைத்துனி, "மாமா, பெட்ரோல் இருக்கிறதா?" என்று கேட்டாள். "கால் டேங்க் இருக்கிறது" என்று எரிந்து விழுந்தேன். கடைசியில் அவள்தான் சரி.

மறுநாள் பின் சீட்டைத் தூக்கி, பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, வட்ட மூடியைத் திறந்து அந்த அமைப்பை வெளியே எடுத்தேன். மிதவை நன்றாகத்தான் இருந்தது. கம்பிக் கை திரும்பும் மூட்டில் மஞ்சள் பிசின் போல ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. விரலால் தூக்கினால் கை ஏறுகிறது. விட்டால் கால் பங்கு உயரத்தில் தயங்கி நின்றுவிடுகிறது. லேசாகத் தட்டினால் 'டப்' என்று கீழே விழுகிறது. டேங்க் வற்றும்போது அந்த இடத்தில் தொங்கிக்கொண்டே இருந்திருக்கிறது, நான் கால் டேங்க் என்று நம்பிக்கொண்டே வந்திருக்கிறேன். மல்டிமீட்டர் வைத்துக் கையை மெல்ல நகர்த்தினேன். எண் படிப்படியாக மாறிக்கொண்டு வந்து, பாதிக்குச் சற்றுக் கீழே ஓரிடத்தில் தொடர்பே அறுந்து மீண்டும் வந்தது. வில்லையைத் திருப்பி வெயிலில் பார்த்தால், தலைமுடி மெல்லிய வெள்ளிக் கோடுகளின் மீது ஒரு நகக்கீறல் அகலத்துக்குக் கறுத்த தடம். ஆயிரக்கணக்கான முறை உரசிய இடம். ஜே.சி. ரோட்டில் தேடி வேறொன்று வாங்கிப் போட்டேன்.

ஆகவே அறிகுறிகள் இவை: முள் ஒரே இடத்தில் நின்று திடீரென விழுவது, ஓடும்போது காரணமின்றிக் காலிக்கும் பாதிக்கும் தாவுவது, ஃபுல் நிரப்பியும் முக்காலைத் தாண்டாதது. இவற்றில் எதுவும் நீங்கள் எழுதவில்லை. வந்தால் மெக்கானிக்கிடம் போங்கள்; பெட்ரோல் ஆவி எழும் வேலை, மூடிய பார்க்கிங்கில் நீங்களே திறந்து பார்க்க வேண்டாம். திரையில் காட்டும் 'இன்னும் இத்தனை கிலோமீட்டர் ஓடும்' என்ற எண்ணும் இதே முள்ளின் தகவலைச் சமீபத்திய சராசரியால் பெருக்கியதுதான். மேம்பாலத்தில் 90 காட்டியது சில்க் போர்டு நெரிசலில் பத்து நிமிடத்தில் 60 ஆவது அதனால்தான். ரிசர்வ் விளக்கு எரிந்தபின் நீட்டிக்கொண்டே போகாதீர்கள். பெட்ரோல் பம்ப் டேங்குக்குள்ளேதான் இருக்கிறது, அதைக் குளிர்விப்பதே அந்தப் பெட்ரோல்தான். புதுப் பம்புக்கு ஆகும் செலவில் பல டேங்க் நிரப்பலாம்.

சரியாக அளக்க ஒரு நோட்டும் பேனாவும் போதும். ஒரே பங்கில், முடிந்தால் ஒரே நாசிலில், நாசில் தானாக நிற்கும் வரை நிரப்புங்கள். அதற்கு மேல் 'ரவுண்டாக்கி விடுங்கள்' என்று சொல்லாதீர்கள். மேலே வழிந்தால் ஆவியைப் பிடிக்கும் கரி டப்பாவுக்குள் பெட்ரோல் இறங்கிக் கெடுக்கும். ஓடோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். நானூறு கிலோமீட்டர் அளவுக்கு ஓடிவிட்டு அதேபோல் நிரப்பி, பில்லில் இருக்கும் லிட்டரால் வகுங்கள். என் நோட்டிலிருந்து ஒன்று: 48,212இல் நிரப்பினேன், 48,641இல் மீண்டும் நிரப்பினேன். 429 கிலோமீட்டர், பில்லில் 33.4 லிட்டர். 12.8. அதே ஓட்டத்துக்குத் திரை காட்டியது 13.9. திரை எப்போதும் கொஞ்சம் முகஸ்துதி செய்யும். ஒரு முறை எடுத்த எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். நாசில் ஒரு லிட்டர் முன்னோ பின்னோ நின்றாலே எண் மாறிவிடும். நான்கைந்து டேங்குகளின் கிலோமீட்டரைக் கூட்டி, லிட்டரைக் கூட்டி, பிறகு வகுங்கள்.

37 லிட்டர் டேங்கில் 39 லிட்டர் எப்படிப் போகும் என்று பங்கில் சட்டையைப் பிடிக்கவும் வேண்டாம். கையேட்டில் இருப்பது நிறுவனம் சொல்லும் அளவு. கழுத்து வரை நிரப்பினால் அதைவிடக் கூடுதலாகக் கொள்ளும். உண்மையிலேயே அளவில் சந்தேகம் வந்தால் முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவைக் கலனில் பிடித்துக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஐந்து லிட்டருக்கு 25 மில்லி வரை முன்பின் இருக்கலாம், அதற்கு மேல் குறையக் கூடாது. கேட்டால் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். விடியற்காலையில் நிரப்பினால் குளிர்ந்த பெட்ரோல் கூடுதலாகக் கிடைக்கும் என்பது கதை. டேங்க் நிலத்துக்கு அடியில் இருக்கிறது, அதற்குக் காலை மாலை தெரியாது. ஓசூரில் லிட்டருக்கு ஒன்றிரண்டு ரூபாய் குறைந்தால் போய் நிரப்பி வரலாமா என்பதையும் யாராவது கேட்பார்கள்: 35 லிட்டரில் எழுபது ரூபாய் மிச்சம், பெல்லந்தூரிலிருந்து போய்வர நானூறு ரூபாய்ப் பெட்ரோல். சென்னை போகும் வழியில் என்றால் நிரப்பிக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை சென்னை போகும்போது ஒரு சோதனை செய்து பார்க்கலாம். இங்கே சாதாரண பெட்ரோல் நிரப்பிக்கொண்டு போங்கள், அங்கே விலை கூடியதை நிரப்பிக்கொண்டு வாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே வேகம், எண்பதைத் தாண்டாமல். பில்களை வைத்து வகுத்துப் பாருங்கள். இந்த முறை சாதாரணம் 19 கொடுக்கும், விலை கூடியது 17 கொடுக்கும். அரிசி மூட்டையை மட்டும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.